இருமொழி அரிச்சுவடியும் எழுத்து விளையாட்டும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

மழலையர் வகுப்புச் சுவர்களிலும் புத்தகக் கடைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இன்று பரவலாகக் காணப்படுவது இருமொழி அரிச்சுவடி. ஒரு பக்கத்தில் 'அ – அம்மா', எதிர்ப்பக்கத்தில் 'ஏ – ஆப்பிள்' என்று தமிழெழுத்தையும் ஆங்கில எழுத்தையும் இணையாக நிறுத்தி, வண்ணப்படம், பாட்டு, புதிர் ஆகியவற்றின் துணையோடு விளையாட்டாகக் கற்பிப்பது இதன் நோக்கம்.

நோக்கம் நல்லதே. சிறு குழந்தை விளையாட்டின் வழியாகத்தான் எளிதாகக் கற்கிறது. இரண்டு மொழிகளைச் சேர்த்துக் கேட்பதால் குழந்தை குழம்பிவிடும் என்ற அச்சமும் தேவையற்றது. ஓசூர், கன்னியாகுமரி போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ மலையாளமோ பேசி வளரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் பேச்சு வேறு, எழுத்து வேறு. பேச்சைக் குழந்தை கேட்டுக் கேட்டுத் தானே பிடித்துக்கொள்ளும். எழுத்தை ஒருவர் கற்பித்தாக வேண்டும். அதற்கான கருவி அந்தந்த எழுத்து முறையின் இயல்புக்குப் பொருந்துகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழெழுத்தின் இயல்பு

தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216, ஆக 247 எழுத்துகள். இந்த எண்ணைக் கேட்டதும், "ஆங்கிலத்தில் 26தான், தமிழ்தான் கடினம்" என்று பெற்றோர் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 247 எழுத்துகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்று எண்ணுவதால் வரும் அச்சம் இது. உண்மையில் ஒரு மெய்யோடு ஓர் உயிரைச் சேர்க்கும் முறையைப் புரிந்துகொண்ட குழந்தைக்கு வரிசைகள் தாமாகவே திறக்கும். 'ப' தெரிந்து, துணைக்கால் தெரிந்தால் 'பா' வந்துவிடும். அதே துணைக்காலை 'ம'வோடு சேர்த்தால் 'மா'.

விலக்குகளும் உண்டு. கு, சு, து மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் உகரக் குறி மூன்று விதமாக இருப்பது தெரியும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கிக் குழந்தைகளின் சுமையை ஓரளவு குறைத்தது. எஞ்சிய விலக்குகளைத்தான் விளையாட்டு தனியாகக் கவனிக்க வேண்டும்.

மற்றோர் இயல்பு, சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். இலக்கண மரபுப்படி ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகள் மொழிக்கு முதலில் வாரா. அதனால்தான் நம் அரிச்சுவடிகளில் 'ண்' என்பதற்குக் கண், 'ழ்' என்பதற்கு யாழ், 'ங்' என்பதற்குச் சங்கு என்று எழுத்து கடைசியிலோ நடுவிலோ வரும் சொற்கள் இருக்கின்றன. இது அரிச்சுவடி செய்தவரின் குறையன்று, மொழியின் அமைப்பு.

ஆங்கில எழுத்தின் இயல்பு

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. அங்கே எழுத்தின் பெயர் ஒன்று, அது சொல்லில் தரும் ஒலி வேறொன்று. 'சி, ஏ, டி' என்று மூன்று பெயர்களையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'கேட்' என்ற சொல் வராது. 'எச்' என்ற பெயரில் அதன் ஒலியே இல்லை. 'டபிள்யூ' என்பதும் அப்படியே. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுத வேண்டியிருப்பதால் ஓர் எழுத்தே பல ஒலிகளுக்கு உழைக்கிறது.

வழக்கமான படங்கள் இந்தச் சிக்கலை மேலும் கூட்டுகின்றன. 'ஜி' என்ற எழுத்துக்குச் சில அட்டைகளில் கோட் (ஆடு), சிலவற்றில் ஜிராஃப். இரண்டிலும் முதல் ஒலி வேறு. 'எக்ஸ்' என்பதற்குச் சைலஃபோன் படம் போடுகிறார்கள். அச்சொல்லின் முதலில் 'எக்ஸ்' ஒலியே இல்லை. அந்த இசைக்கருவியைக் குழந்தை பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. பனிவீடான இக்லூவும் அப்படித்தான். தெரியாத எழுத்தைத் தெரிந்த பொருளால் விளக்குவதுதான் படத்தின் வேலை. பொருளும் தெரியாததானால் படம் எதற்கு?

இணை வைப்பதால் வரும் குழப்பம்

இருமொழி அரிச்சுவடி இவ்விரு முறைகளையும் ஒரே அச்சில் வார்க்கிறது. 'எழுத்து, படம், படத்தின் பெயரில் முதல் ஒலி' என்ற ஆங்கில அட்டையின் அமைப்பு தமிழ்ப் பக்கத்துக்கும் வந்துவிடுகிறது. முதல் ஒலியைப் பிடிக்கப் பழகிய குழந்தை 'ண்' பக்கத்தில் கண்ணைப் பார்த்து 'க' என்றால் தவறு யாருடையது?

இன்னொரு குழப்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தில் நான்கின் பெயர்கள் ஏ, ஈ, ஐ, ஓ. இவை நான்கும் தமிழில் உயிரெழுத்துகள். தமிழ்ப் பக்கத்தில் 'ஈ' என்ற எழுத்தைக் கண்டால் ஈ என்றே படிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஈ என்று பெயர் சொல்லப்படும் எழுத்து, முட்டையைக் குறிக்கும் 'எக்' என்ற சொல்லில் 'எ' என ஒலிக்கிறது. ஒரே காலையில், ஒரே தாளில், ஒரே பெயருக்கு இரண்டு வடிவம், இரண்டு ஒலி. பெரியவர்களுக்கு இது சிறு வேறுபாடு. எழுத்து என்றால் என்ன என்பதையே இப்போதுதான் அறியத் தொடங்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அப்படியன்று.

ஆங்கிலச் சொற்களைப் படத்தின் கீழே தமிழெழுத்தில் தரும் அரிச்சுவடிகளில் மற்றொரு சிக்கல். பந்தின் படத்துக்குக் கீழே 'பால்' என்று அச்சிட்டிருக்கும். தமிழ்க் குழந்தை அதைக் குடிக்கும் பால் என்றுதான் படிக்கும், படிக்கவும் வேண்டும். தமிழில் ஒரே 'ப' இடத்துக்கு ஏற்பப் பல்லிலும் பம்பரத்திலும் வேறு வேறாக ஒலிக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு இது இயல்பாக வந்துவிடும். ஆங்கில ஒலிகளைக் காட்ட அந்த எழுத்தையே கருவியாக்கும்போதுதான் இடறுகிறது.

விளையாட்டா, ஒப்பித்தலா?

'விளையாட்டு வழி' என்று விற்கப்படுபவை எல்லாம் விளையாட்டாகிவிடா. பாட்டுக்கு ஆடிக்கொண்டே எழுத்துகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வது இனிய ஒப்பித்தல், அவ்வளவே. திரையில் சரியான கட்டத்தைத் தொட்டால் நட்சத்திரம் தரும் செயலியில், நிறத்தையோ படத்தையோ வைத்தே குழந்தை வென்றுவிடலாம். எனவே ஓர் எளிய உரைகல்லை வைத்துக்கொள்ளலாம்: எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை அறியாமலே இந்த விளையாட்டில் வெல்ல முடியுமா? முடியும் என்றால் அது எழுத்து விளையாட்டு அன்று.

இந்த வேறுபாட்டின் விலையை உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் அறிவோம். 26 எழுத்துகளையும் தடையின்றிப் பாடும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் புதிய ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டதும் ஆசிரியரின் வாயைப் பார்ப்பார்கள். அவர்களில் சிலர் தமிழிலும் எழுத்துக் கூட்டத் தடுமாறுவார்கள். 'மந்தமான பிள்ளை' என்ற பெயர் அவர்களுக்கு எளிதில் ஒட்டிவிடுகிறது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளே இதில் பெரிதும் பாதிக்கப்படுகிறார்கள்.

முன்னோடி முயற்சிகள்

நம்மிடம் நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. மணலிலும் நெல்லிலும் விரலால் எழுதிய மரபு நம்முடையது. ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு பெயர்ச்சொல் என்று நில்லாமல், வாயால் சொல்லிப் பார்க்கத்தக்க ஒரு சிறு தொடரையே அது தருகிறது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரியின் முறையில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவும். தடவும்போது சொல்வது எழுத்தின் பெயரை அன்று, ஒலியை.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும் குறிப்பிடத்தக்கது. அட்டைகளைக் கொண்டு, அவரவர் வேகத்தில் படிப்படியாக ஏறலாம் என்பதை அது ஏற்றது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் செயல்பாடுகள் வழி கற்பிக்கிறது. ஆனால் 2019இல் 2381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் வந்ததும் எழுத்தோடு குழந்தைக்கு ஏற்படும் முதல் சந்திப்பு இன்னும் முன்னே நகர்ந்துவிட்டது. அந்த வயதில் கையில் கொடுக்கும் அரிச்சுவடி எப்படிப்பட்டது என்பது ஆகவே சிறிய செய்தியன்று.

செய்யத்தக்கவை

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி விளையாட்டுகள் வேண்டும். சில எடுத்துக்காட்டுகள்:

1. காது விளையாட்டு: எழுத்தைக் காட்டும் முன்பே ஆடுவது. மண், கண், மீன், பெண் என்று சொல்லி, கடைசி ஒலி மாறும் இடத்தில் கை தட்டச் சொல்லலாம். செலவில்லாதது.

2. பாண்டிக் கட்டம்: தரையில் கட்டம் போட்டு, துணைக்கால், கொம்பு முதலிய குறிகளை ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். கையில் 'ப' அட்டையோடு தாவும் குழந்தை, கால் படும் கட்டத்துக்கேற்பப் பா, பி, பெ என்று சொல்லும். மறுநாள் அட்டையை 'ம' என்று மாற்றலாம். கட்டம் மாறவில்லை, வரிசை புதிது என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும்.

3. சொல் சங்கிலி: குருவி என்றால் விசிறி. அடுத்து 'றி'யில் தொடங்கும் சொல் கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று பிள்ளைகளே தேடுவது நல்ல இலக்கணப் பாடம்.

4. தலை மாற்றும் ஆட்டம்: ஆங்கிலத்துக்கு உரியது. கேட், மேட், ஹேட் என்று முதல் எழுத்து அட்டையை மட்டும் மாற்றுவது. பின்னால் உள்ள இரண்டு எழுத்துகளும் அசையா. எழுத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஒலி போதும். பெயர்களைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.

இரு மொழிகளும் சந்திக்க வேண்டிய இடம் பொருளும் பேச்சும். பூனையைப் பார்த்துப் 'பூனை' என்றும் 'கேட்' என்றும் சொல்லிச் சிரிப்பதில் தீங்கு எதுவும் இல்லை. தமிழில் சில வரிசைகளைத் தானே கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு ஆங்கில எழுத்தைக் காட்டுவது நல்லது. பள்ளி இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், குறைந்தது வேறு வேளையில், வேறு அட்டையில், வேறு நிறத்திலாவது வைத்துக்கொள்ளலாம்.

நிறைவுரை

இருமொழி அரிச்சுவடியை ஒதுக்கிவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. இரண்டு எழுத்து முறைகளும் ஒன்றுபோல இயங்குகின்றன என்ற அதன் அடிப்படைதான் திருத்தப்பட வேண்டும். அரிச்சுவடி வாங்கும் பெற்றோர் படத்தின் அழகைப் பார்ப்பதோடு நில்லாமல், 'ண்' பக்கத்தையும் 'எக்ஸ்' பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். செய்தவர் இரு மொழிகளையும் எவ்வளவு எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.