வளரும் குழந்தைக்கு எந்தக் குளியல் டப்?

குழந்தைக்கு வாங்கும் குளியல் டப், ஒரே ஆண்டுக்குள் மூன்று விதமான உடல்களைத் தாங்கியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளின்படி, ஆண் குழந்தையின் நீளம் பிறக்கும்போது சராசரியாக 50 செ.மீ., ஒரு வயதில் 76 செ.மீ. எடை 3.3 கிலோவிலிருந்து 9.6 கிலோவுக்கு ஏறிவிடும். பெண் குழந்தைக்கு இவை சற்றே குறைவு. கழுத்து நிற்காத சிசு, தடுமாறி உட்காரும் ஆறு மாதக் குழந்தை, விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும் குழந்தை என மூவரையும் மனத்தில் வைத்தே டப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொப்புள்கொடி விழும்வரை டப்புக்கு வேலையில்லை; ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். அதன்பின் பல வீடுகளில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். இதில் தலை உயர்ந்தும் கால் தாழ்ந்தும் இருக்கும். ஊற்றும் நீர் தேங்காமல் ஓடிவிடும். நல்ல டப்பில் சிசுவுக்கென வரும் சாய்மானம் செய்ய வேண்டியதும் இதே வேலைதான். சாய்மானம் இல்லாத டப்பில் ஒரு கை தலையைத் தாங்கவே போய்விடும்.

சாய்மானம் இரண்டு வகை. கொக்கியில் மாட்டும் வலை சீக்கிரம் உலரும், ஆனால் எடை ஏற ஏறத் தொய்யும். நான்கு கிலோ அரிசிப் பையை நனைந்த வலையில் வைத்து ஆட்டிப் பார்த்தால் கொக்கியின் தரம் உடனே தெரியும். கெட்டி பிளாஸ்டிக் சாய்மானத்தில் இரு கால்களுக்கும் நடுவே ஒரு மேடு இருந்தால் குழந்தை கீழே வழுக்காது. பஞ்சு மெத்தை வைத்தவற்றைத் தவிர்ப்பதே நல்லது. ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குழந்தை புரண்டு திரும்பத் தொடங்கியதும் சாய்மானத்தை எடுத்துவிட வேண்டும். ஆகவே அது தனியாகக் கழற்றக்கூடியதாக இருப்பது அவசியம்.

நெதர்லாந்தில் உருவான டம்மி டப் போன்ற வாளி வடிவ டப்களில் சிசு கால் மடக்கி, கழுத்துவரை வெந்நீரில் அமர்ந்திருக்கும். அழுகை அடங்குவதும் உண்டு. ஆனால் தாடையைத் தாங்கும் கையை ஒரு கணமும் எடுக்க முடியாது. எண்ணெய் தேய்த்துப் பயத்தமாவு போட்டுக் கழுவ அதில் இடமும் இல்லை. குழந்தை எழுந்து நிற்க முயன்றால் கவிழும் அபாயம் வேறு. முதல் சில மாதங்களுக்கு மேல் அது பயன்படாது.

நார்வேயின் ஸ்டோக்கே ஃப்ளெக்ஸி பாத் மடித்துச் சுவரோரம் சாய்த்து வைக்கக்கூடியது. நான்கு வயதுவரை பயன்படும் என்கிறது நிறுவனம். நீர் அதிகச் சூடானால் அதன் அடைப்பான் நிறம் மாறும். அடுக்குமாடி வீட்டின் சிறிய குளியலறைக்கு மடிப்பு டப் பெரிய உதவி. அதைப் பராமரிக்கத்தான் பொறுமை வேண்டும்: மென்மையான மடிப்புகளில் எண்ணெயும் மாவும் அப்பிக்கொள்ளும், பழைய பல் துலக்கியால் தேய்த்து, விரித்தே காயவைக்க வேண்டும். மடக்குக் கால்கள் உள்ள மலிவு வகைகளில் கால்களின் பூட்டை அழுத்திச் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

இடம் இருக்கும் வீட்டுக்கு, கழற்றும் சாய்மானத்துடன் வரும் ஒரே வார்ப்பு பாலிபுரொப்பிலீன் டப்தான் சிறந்த தேர்வு. அதிலும் பெட்டியில் அச்சிட்ட நீளத்தை நம்பக் கூடாது. அது விளிம்பையும் சேர்த்த அளவு. உள்ளே தட்டையான அடிப்பாகத்தை டேப்பால் அளக்க வேண்டும். அது 45 செ.மீ.க்குக் குறைந்தால் ஒரு வயதுக் குழந்தை காலை நீட்டி உட்காருவது கடினம். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தும்போது எளிதில் வளைந்தால், நீர் நிரம்பியதும் இன்னும் வளையும்.

60-க்கு 35 செ.மீ. அடிப்பாகத்தில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் விட்டாலே பத்து லிட்டருக்கு மேல், அதாவது பத்து கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக் கவிழ்ப்பது இடுப்புக்கு நல்லதல்ல. வடிகால் துளை இருந்தாக வேண்டும். டப்பைத் தரையில் வைத்துக் குளிப்பாட்டும் வீடுகளில் துளை பக்கவாட்டில் இருப்பது மேல், ஏனெனில் அடியில் இருக்கும் துளை தரையோடு ஒட்டி நீரை மெதுவாகவே விடும். அடியில் உறிஞ்சு கிண்ணங்கள் வைத்த டப்கள் சொரசொரப்பான டைல்ஸில் பிடிக்காது. ரப்பர் பாதங்கள் பிடிக்கும். எண்ணெய்க் குளியலுக்கு டப்பின் உட்புறமும் சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

நீரை விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். 37, 38 டிகிரி செல்சியஸ் போதும். நிறம் மாறும் அடைப்பான் இருந்தாலும் முழங்கையை நனைத்துப் பார்ப்பதை விடக் கூடாது. குழந்தை உள்ளே இருக்கும்போது குழாயைத் திறக்கக் கூடாது.

குளியல் இருக்கை எனத் தனியாக விற்கப்படும் வளையங்களை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைப்பதில்லை. அவை சரிந்தால் குழந்தையும் நீருக்குள் சரியும். ஓர் அங்குல நீரே சிசுவை மூழ்கடிக்கப் போதுமானது. அழைப்பு மணி அடித்தால் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டே கதவுக்குப் போக வேண்டும். குளியல் முடிந்ததும் டப்பை உடனே காலிசெய்துவிட வேண்டும்.

விளிம்பைப் பிடித்து எழும் குழந்தையின் எடைக்கு டப் ஒரு பக்கம் சாய்ந்தால், வயதுக் கணக்கு பார்க்காமல் அதை ஓரங்கட்டிவிட்டு, தரையில் உட்காரவைத்து மக்கில் மொண்டு ஊற்றத் தொடங்கலாம்.