பதக்கமும் பத்திரிகையும்: இரவிவர்மா குறித்த இருவேறு மதிப்பீடுகள்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் கள ஆய்வின்பொருட்டுச் சென்ற வீடுகள் சிலவற்றில், தாமரைமேல் நிற்கும் இலட்சுமியின் படம் நிறம் மங்கித் தொங்கக் கண்டேன். இரவிவர்மா வகுத்த சாயலின் வழிவழிப் படிகள் அவை. அவ்வோவியர் பெயர்பெற்றது, இக்குப்பங்களுக்குத் தெற்கே சென்னையில் நடைபெற்ற நுண்கலைக் கண்காட்சிப் போட்டிகளில்தான். 1873இல் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்திற்கு ஆளுநரின் தங்கப்பதக்கம் கிடைத்தது. 1876இல் மடல் எழுதும் சகுந்தலையை ஆளுநர் பக்கிங்காம் கோமகனே விலைக்கு வாங்கினார். நடுவர்கள் போற்றியது ஐரோப்பிய எண்ணெய்வண்ண மரபின் மெய்ம்மையை. ஒளிநிழலும் துணிமடிப்பும் அதன் உரைகற்கள்.

இத்தீர்ப்பைப் பத்திரிகை உலகம் கடுமையாக மறுத்தது முப்பதாண்டுகளுக்குப் பின்னரே. இராமானந்த சட்டர்ஜி இரவிவர்மாவைப் போற்றியவர். ஆயினும் அவருடைய 'மாடர்ன் ரிவ்யூ' இதழில்தான் 1907இல் நிவேதிதையின் கட்டுரை வெளிவந்தது. தரையில் படுத்துத் தாமரையிலையில் மடல் எழுதும் சகுந்தலையை அவர் எள்ளி நகையாடினார். கலை தேசத்தை உருவாக்க வேண்டும் என்பது அவர் அளவுகோல். கிடக்கும் பெண்ணின் உடல்நிலை அதற்கு ஒவ்வாததாக அவருக்குப் பட்டது. ஈழத்தமிழ்க் குடியில் பிறந்த ஆனந்த குமாரசாமியும் அவ்வாண்டே அவ்விதழில் இரவிவர்மாவின் கற்பனை வறுமையைச் சுட்டினார். நிவேதிதையின் கண்டனத்தில் கலையாய்வைவிட ஒழுக்கவியல் மிகுந்திருந்தது என்பது என் கருத்து.

தமிழில் நிகழ்ந்தது வேறு. 1906 அக்டோபர் 2இல் இரவிவர்மா மறைந்தபோது 'இந்தியா' வார இதழின் ஆசிரியப் பொறுப்பிலிருந்த பாரதி இரங்கற்பா இயற்றினார். நிவேதிதையைக் குருவாகக் கொண்டு, 1908இல் 'ஸ்வதேச கீதங்க'ளை அவருக்கே காணிக்கையாக்கியவர் அவர். எனினும் பாரதியின் பாடலை நிவேதிதைக்கான மறுப்பாகக் கொள்ளுதல் பிழை. கட்டுரை பாடலுக்குப் பிந்தியது. நாம் நோக்கவேண்டியது பாடல் கொண்ட அளவுகோலையே. அரசர் மனை, எளியோர் குடில் ஆகிய இரண்டிடத்தும் ஓவியம் ஒருங்கே மகிழ்வூட்டுவதைப் பாரதி புகழ்கிறார். பதக்கத்திற்கு அங்கு இடமில்லை. தேசத்தை உருவாக்கும் கடமையும் பேசப்படவில்லை.

குடிலைச் சென்றடைந்தது பதக்கம் பெற்ற மூல ஓவியமன்று. 1894இல் பம்பாயில் இரவிவர்மா நிறுவிய அச்சகத்தின் வண்ணப்படங்களும் அவற்றைப் பின்பற்றிய அச்சுகளுமே அங்குச் சென்றன. ஆகவே பாரதி மதிப்பிட்டது ஓவியத்தின் பரவலை எனலாம். அச்சுத்தொழிலை உள்ளிருந்து அறிந்த இதழாளருக்கு அது இயல்பான பார்வை. இரவிவர்மா எதிர்ப்பைத் தேசிய இயக்கம் முழுமைக்கும் பொதுவான நிலைப்பாடாக எழுதிச்செல்லும் ஆய்வுகள் இப்பாடலைக் கணக்கில் கொள்வதில்லை. இதழாசிரியராகப் பாரதி செய்த கலைமதிப்பீட்டை, இரங்கற்பா என்னும் வகைமைக்குள் அடைத்து ஒதுக்கிவிடுகிறோம்.