பனிமலையும் கந்தகமும்: சிவகாசிச் 'சீனரி'களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

மனிதர் இல்லாத மலைதான் அழகான மலை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ஆடிப்பெருக்கை ஒட்டிச் சிவகாசியில் வெளியாகும் காலண்டர் ஆல்பங்களைப் புரட்டினால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. சாமி படம், தலைவர் படம், குழந்தை படம், அப்புறம் 'சீனரி'. தொழிலில் புழங்கும் சொல் இதுதான். 'இயற்கைக் காட்சி' என்றால் ஆர்டர் எடுக்கிறவர் ஒரு கணம் யோசிப்பார். சீனரி என்றால் பனி மூடிய சிகரம், காலடியில் நீல ஏரி, ஓரத்தில் ஊசியிலை மரங்கள், சில சமயம் ஒரு மரவீடு. ஆல்ப்ஸாக இருக்கலாம், ஆல்ப்ஸைப் போல வெட்டி ஒட்டியதாகவும் இருக்கலாம். எந்த மலை என்று எழுதியிருக்காது. அந்த இடத்தில் அரிசி மண்டியின் பெயரும் போன் நம்பரும் இருக்கும்.

வியாபாரிக்குச் சீனரி வசதியானது. எல்லா மதத்து வாடிக்கையாளருக்கும் கொடுக்கலாம். வருஷம் முடிந்ததும் சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராது, சீனரியைப் போடலாம். இந்தச் சில்லறைக் காரணங்களின் வழியாகத்தான் ஐரோப்பிய நிலக்காட்சி ரசனை சாத்தூர் டீக்கடைச் சுவருக்கு வந்து சேர்ந்தது.

தோழர்கள் சிலர் இதைக் 'கனவு விற்பனை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வெயிலில் காய்கிறவனுக்குப் பனியைக் காட்டி ஏமாத்துறாங்க என்பது வாதம். இந்த வாதம் பார்க்கிறவரை முட்டாளாக்கிவிட்டு, படத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. எந்தக் கண் இதைப் பார்த்தது, அந்தக் கண் யார் முதுகில் ஏறி மலைக்குப் போனது என்பவை அதற்கு முக்கியமில்லை.

2

சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் வங்கி வேலையை விட்டுவிட்டு 1863இல் இந்தியா வந்தார். அந்த ஆண்டிலும் 1864, 1866 ஆண்டுகளிலும் இமயத்துக்குள் மூன்று நீண்ட பயணங்கள் போனார். 1866இல் மணிரங் கணவாயில் சுமார் 18,600 அடி உயரத்தில் அவர் எடுத்த படங்கள் புகைப்பட வரலாற்றில் சாதனையாகப் பேசப்படுகின்றன. அன்றைய முறை ஈரக் கொலோடியன். கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, அங்கேயே கழுவ வேண்டும். ஆகவே இருட்டறைக் கூடாரம், தகடுகள், ரசாயனப் புட்டிகள் எல்லாம் மலையேற வேண்டும். முப்பது நாற்பது கூலியாட்கள் அதைச் சுமந்தார்கள். அவர்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடியதையும், தான் தடியெடுத்து அடித்ததையும் இங்கிலாந்துப் புகைப்பட இதழில் போர்னே கூச்சமில்லாமல் எழுதினார். படங்களில் அந்தச் சுமையாட்களைக் காண்பது அரிது. மனித உருவம் தென்பட்டால், மலையின் பிரமாண்டத்துக்கு அளவுகோலாக எறும்பளவில் நிற்கிறது.

'கூலி' என்ற சொல்லையே பாருங்கள். ஆங்கிலத்தில் புழங்கும் அந்தச் சொல்லின் வேரைப் பற்றிச் சர்ச்சை உண்டு. ஆனால் தமிழில் அது முதலில் குறிப்பது உழைப்புக்குத் தரவேண்டிய ஊதியத்தை. காலனியச் சொல்லாடலில் அது ஆளின் பெயராக மாறுகிறது. ஊதியம் மறைந்து முதுகு மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் தோய்த்தால் கிடைப்பது வெடிபஞ்சு. அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன். 1880களில் வந்த ஃபிளாஷ் பவுடரில் மக்னீசியத் தூளும் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தன. அதே குளோரேட்தான் தீக்குச்சி முனையிலும் இருக்கிறது. மக்னீசியத்தின் இடத்தில் அலுமினியத் தூள் வந்தால் பட்டாசுக்காரர் மொழியில் அது 'மருந்து'. ஆக, மலைப்படத்துக்கும் சிவகாசிக்கும் உள்ள உறவு காலண்டரில் தொடங்கவில்லை.

3

எம்.ஏ. தமிழ் வகுப்பில் திணைக் கோட்பாட்டை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் நாம். முதல், கரு, உரி என்று சொல்லிக்கொண்டே போவோம். அதன் கூர்மை எங்கே இருக்கிறது என்று கேட்டதில்லை. திணையில் வெறும் நிலம் கிடையாது. குறிஞ்சி என்றால் தினைப்புனம் உண்டு, பறை உண்டு, மக்கள் உண்டு, தொழில் உண்டு. இவற்றை நீக்கிவிட்டு மலையை மட்டும் ரசிக்கும் இடம் அதில் இல்லை. இதை வைத்துப் பழம்பெருமை பேச வரவில்லை. திணைக்குள்ளும் யார் தலைமக்கள், யார் அடியோர் வினைவலர் என்ற படிநிலை இருக்கிறது. ஆனாலும் உழைப்பை நீக்கி நிலத்தைக் காட்டும் வேலையை அது செய்யவில்லை.

பனிமலை நம் சுவருக்கு முதலில் வந்தது கயிலாயமாக. அப்பர் கதை தெரியும்தானே? கயிலைக்கு நடந்தார், கால் தேய்ந்ததும் தவழ்ந்தார், உருண்டார். போய்ச் சேரவில்லை. குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலையைக் கண்டார் என்கிறது புராணம். காரைக்காலம்மையாரோ அந்த மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் ஏறினார். சிகரத்தில் கொடி நட்டுப் படமெடுக்கும் 'வெற்றி'க் கதையாடலுக்கு நேர் எதிரானவை இவை. மலையைத் தன் ஊருக்கே வரவழைக்கும் இந்தப் பழக்கம் உள்ள ஒரு கூட்டம் சுவரில் பனிமலையை மாட்டுவதை வெறும் ஏமாளித்தனம் என்று எப்படிச் சொல்வது?

4

சீனரியில் மனிதர் இல்லாத நிலம். சிவகாசியைப் பற்றிய படங்களிலோ நிலமில்லாத மனிதர். 1990இல் வந்த சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படமும் அந்தக் காலப் போராட்டங்களும் குழந்தை உழைப்பை நாட்டின் கண்முன் நிறுத்தின. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த வேலையின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு பத்திரிகைகளிலும் அறிக்கைகளிலும் பெருகிய படங்கள் மருந்து படிந்த விரல், வெறித்த கண் என்று முகத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. மழை பொய்த்த கரிசல், கைவிட்ட கண்மாய், சீமைக்கருவேலம், விடியுமுன் ஊர் ஊராய் வந்து ஆள் ஏற்றும் வேன் எல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. இந்த வறட்சிதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் இங்கே கொண்டுவந்தது. லேபிள் அடிக்க வந்த அச்சகம்தான் பிறகு காலண்டரும் அடித்தது. பனிமலைப் படம் வறண்ட நிலத்தின் விளைச்சல்.

விபத்துச் செய்திகளின் மொழியும் அப்படியே. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இப்படிப்பட்ட செய்திகளில் 'மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு' என்ற தொடர் வாடிக்கையாக வரும். இந்த வாக்கியத்தின் எழுவாய் உராய்வு. உள்குத்தகை விட்டவர், அறைக்கு அனுமதித்த ஆளைவிட அதிகம் பேரை உட்கார வைத்தவர், சோதிக்க வேண்டியவர் எவரும் அதில் இல்லை. ஆளில்லாத மலையைப் போல ஆளில்லாத வாக்கியம்.

5

இப்போது நம்மிடமும் முதுகுப்பை மாட்டியவர்கள் வந்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024இல் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. வழிகாட்டிகளாக உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் அமர்த்தப்பட்டது நல்ல விஷயம். ஆனால் எடுக்கப்படும் படங்களைப் பாருங்கள். முகடு, மேகம், முதுகு காட்டி நிற்கும் ஒருவர். போர்னின் சட்டகம் செல்பேசிக்குள் பத்திரமாக இருக்கிறது.

திருவில்லிபுத்தூரை ஒட்டிய மலை 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமானது, 2021இல் புலிகள் காப்பகமானது. செண்பகத்தோப்பில் பளியர்கள் வாழ்கிறார்கள். தேனெடுக்கும் தடமும் கிழங்கு தோண்டும் சரிவும் அவர்களுக்கு நிலம். நகரத்துக் கேமராவுக்கு அது 'பச்சை'. 2006 வன உரிமைச் சட்டம் கேட்பது இந்தத் தடங்களுக்கான சாட்சியத்தைத்தான். யார் எங்கே புழங்கினார்கள் என்று கிராமசபை முன்னால் காட்ட வேண்டும். பளியரை வெட்டிவிட்டு எடுத்த படம் அழகியல் குறையோடு நிற்பதில்லை. 'அங்கே யாருமில்லை' என்று சொல்பவருக்கு அது சாட்சியாகிவிடும்.

பனிமலைப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லி யாரும் பிரச்சாரம் செய்ய வேண்டாம். பெண்டு பெண்டாக வெடி சுற்றிவிட்டு வந்த பெண் நீல ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவர் உரிமை. கேட்க வேண்டியது படமெடுக்கிற நம்மிடம். சதுரகிரிக்கு ரோடு கிடையாது. தாணிப்பாறையிலிருந்து மேலே போகும் ஒவ்வொரு அரிசி மூட்டையும் ஒருவர் தலையில் போகிறது. அடுத்த கண்காட்சிக்கு மலைப்படம் தருகிற நண்பர்கள் ஒன்று செய்யலாம். படத்தின் கீழே மலையின் பெயர், வழி காட்டியவர் சம்மதித்தால் அவர் பெயர், சுமை தூக்கியவருக்குக் கொடுத்த கூலி மூன்றையும் அச்சிடுங்கள். அரிசி மண்டியின் பெயருக்கு இடமிருக்கும் தாளில் இதற்கும் இடமிருக்கும்.