இருபத்தொன்றாம் வீடு

முகப்பேரில் 20 வீடுகளே உள்ள ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். 21ஆம் எண்ணுக்குக் கடிதம் வருகிறது. ‘பைத்தான்’ தபால்காரர், “அப்படியொரு வீடில்லை” என்று திருப்பிவிடுவார். ‘சி++’ தபால்காரரோ, அடுத்து எது இருக்கிறதோ அந்தக் கதவைத் தட்டுவார்!

2024 ஜூலை 19இல் நடந்தது இதுதான். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரல், 20 மதிப்புகளே இருந்த பட்டியலில் 21ஆவதைப் படிக்க முயன்றது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள்.

நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்று மட்டும் கூறுவது சரியன்று. மின்சுற்றில் ஃபியூஸ் போடாமல், ‘கவனமாயிருங்கள்’ என்று எழுதி ஒட்டினால் போதுமா? சி++ மொழியிலும் எல்லையைச் சரிபார்க்கும் வழியுண்டு. ஆனால் நாம் கேட்டால்தான் அது சரிபார்க்கும். குறையே அதுதான். எப்போதும் சரிபார்த்தால் வேகம் சற்றுக் குறையலாம். அந்த இழப்பு பெரும்பாலும் சிறிதே என்பதை, 2015இல் முதல் நிலையான பதிப்பு வெளியான ரஸ்ட் மொழி காட்டியுள்ளது.

மாணவர்களே, இரு மொழிகளிலும் 20 எண்களை அடுக்கி 21ஆவதைக் கேட்டுப் பாருங்கள். ‘பிழை’ என்று நிற்கும் மொழியைவிட, பேசாமல் ஏதோ ஓர் எண்ணை நீட்டும் மொழியே அஞ்சத்தக்கது.