வடித்த ஆயில் எங்கே போகிறது?

சொகுசு எஸ்யூவிக்கு வீட்டு வாசலிலேயே எஞ்சின் ஆயில் மாற்றுவது இப்போது பெருமைக்குரிய காரியமாகிவிட்டது. பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, ஆடி க்யூ7, மெர்சிடிஸ் ஜி.எல்.இ. என்று கோடி ரூபாயை எட்டும் வண்டிகளை போர்ட்டிகோவில் தூக்கி நிறுத்தி, பழைய ஆயிலை வடித்து, புதியதை ஊற்றிக் காட்டும் காணொளிகளுக்குக் குறைவே இல்லை. “சர்வீஸ் சென்டரில் செய்வதைத்தான் நானும் செய்கிறேன், இன்னும் பொறுப்பாகச் செய்கிறேன்” என்பது இவர்களுடைய வாதம். இதில் பாதி உண்மை. பொறுப்பு என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தென்காசிக்காரர் இந்த வண்டிகளின் சர்வீஸுக்கு ராஜபாளையம் வழியாக மதுரைக்கோ, ஆரியங்காவு கணவாயைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் பிழைப்பு கெடும். வீட்டில் செய்தால் செலவு கணிசமாகக் குறைகிறது. எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை. குற்றால சீசன் நெரிசலில் ஊர்ந்தும் மலைப்பாதையில் ஏறியும் உழைக்கும் எஞ்சினுக்கு, நிறுவனம் குறித்த கெடுவுக்கு முன்னதாகவே ஆயில் மாற்றுவது நல்லதும்கூட.

வேலையும் கற்றுக்கொள்ள முடியாததல்ல. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியைத் தூக்கும் முன் அதற்குரிய ஜாக் மோடைப் போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் வேண்டும், பி.எம்.டபிள்யூவில் அதை 25 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் போதும், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி உள்ள டீசல் எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஆகும், லாங்லைஃப்-04, 229.52, 507.00 என்று அதன் தரக்குறியை டப்பாவிலேயே குறித்திருப்பார்கள். பல வண்டிகளில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியே கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். கவனமுள்ளவர் இதையெல்லாம் பழகிக்கொள்வார். ‘எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டியில் கை வைக்காதே’ என்ற மிரட்டலை நான் ஏற்கவில்லை.

என் மறுப்பு, வடித்த ஆயிலைப் பற்றியது. எக்ஸ்5-இன் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினில் 6.5 லிட்டர் ஆயில் இருக்கிறது. வாசலில் வைத்த தட்டில் அவ்வளவும் கருகருவென்று வந்து இறங்குகிறது. அதன் பிறகு என்ன நடந்தது என்பதைக் காட்டும் காணொளி அரிது. புது ஆயிலின் பிராண்டையும் ஃபில்டரின் தரத்தையும் நீட்டி முழக்கிப் பேசியவர்கள் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை.

அது வெறும் அழுக்கு எண்ணெய் அல்ல. எஞ்சினின் வெப்பத்தில் சிதைந்த எண்ணெயில் எரிபொருளின் மிச்சமும் புகைக்கரியும், தேய்ந்த உலோகத் துகள்களும், சேர்மானமாகக் கலந்த துத்தநாகமும், புற்றுநோய் உண்டாக்கவல்ல பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்திருக்கின்றன. பழைய ஆயில் தோலில் தொடர்ந்து படக் கூடாது என்ற எச்சரிக்கையை டப்பாக்களில் பார்க்கலாம். ஒரு தடவை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் நம் நாட்டிலும் இதை அபாயகரக் கழிவாகத்தான் வகைப்படுத்தியிருக்கின்றன.

இங்கே அது எங்கே போகிறது? கொஞ்சம் வாறுகாலில் போகிறது. கொஞ்சம் கொல்லைப்புற மண்ணில் ஊறுகிறது. ஃபில்டர் காகிதமும் துடைத்த துணியும் சொட்டச் சொட்ட நகராட்சிக் குப்பையில் விழுகின்றன. “நான் கொட்டுவதில்லை, பயன்படுத்துகிறேன்” என்று சொல்பவர்கள் அதை சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கொடுக்கிறார்கள், வேலிக்கம்பில் கரையானுக்கு அடிக்கிறார்கள். இதை மறுபயன்பாடு என்று நியாயப்படுத்துவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சாரல் அடிக்கும் ஊரில் கம்பில் பூசிய ஆயில் எத்தனை நாள் கம்பிலேயே இருக்கும்? மழை அதை மண்ணில் இறக்கும். ஓரிடத்தில் கொட்டுவதற்குப் பதிலாக நாலு இடத்தில் கொட்டுகிறோம், அவ்வளவுதான்.

வேறு ஊராக இருந்தாலும் இது தவறே. இந்த ஊரில் அது பெருந்தவறு. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு பேரருவியாக விழுந்து, தென்காசியைத் தொட்டு, வழியெல்லாம் கால்வாய்களையும் குளங்களையும் நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. நம் வாறுகாலில் விடுவது வயலுக்கும் கிணற்றுக்கும் போக அதிகத் தூரம் இல்லை. அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே தடை போட்டிருக்கிறது. தலையில் ஒரு கை நல்லெண்ணெய் வைத்துக் குளிக்க வருகிறவரைத் தடுக்கும் ஊரில், ஆறரை லிட்டர் விஷ எண்ணெயை மண்ணில் விடுகிறவரைக் கேட்பார் இல்லை.

“ஒர்க் ஷாப்காரர்கள் மட்டும் ஒழுங்கா?” என்பது அடுத்த வாதம். பலர் ஒழுங்கில்லைதான். ஆனால் ஒர்க் ஷாப்பில் பீப்பாய் நிறைகிறது; நிறைந்த பீப்பாய்க்கு விலை இருக்கிறது, அதை எடுத்துப் போக ஆள் வருகிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் அங்கே போய்க் கணக்குக் கேட்க முடியும். வீட்டு வாசலில் யார் போய்க் கேட்பது?

வீட்டில் ஆயில் மாற்றும் இந்த வழக்கத்தை வெளிநாடுகளிலிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, பாதியை விட்டுவிட்டோம். ஜெர்மனியில் எஞ்சின் ஆயில் விற்பவர், விற்ற அளவுக்குப் பழைய ஆயிலை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய உதிரிபாகக் கடைகள் பல அதை வாங்கிக்கொள்கின்றன. அங்கே வீட்டில் ஆயில் மாற்றுகிறவர், பழையதைக் கடையில் கொடுத்த பிறகே வேலையை முடித்தவர் ஆகிறார். இங்கே நாம் ஸ்பேனரையும் ஜாக்கியையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் புது ஆயில் டப்பா அடுக்கடுக்காக இருக்கிறது. பழையதை ஊற்றிக்கொள்ள ஒரு பீப்பாய் வைக்கும் வழக்கம் இல்லை.

நம் அபாயகரக் கழிவு விதிகளில் 2023-இல் கொண்டுவந்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுத்திகரிக்கும் பொறுப்பை அது உற்பத்தியாளர்கள்மேல் சுமத்துகிறது. முறையாகச் சுத்திகரித்தால் அதிலிருந்து நல்ல அடிப்படை எண்ணெயே மறுபடி கிடைக்கும். ஆக, நாம் மண்ணில் விடுவது விஷம் மட்டுமல்ல, காசும்தான். தண்ணீரோ கூலண்டோ பெட்ரோலோ கலக்காமல், புது ஆயில் வந்த டப்பாவிலேயே இறுக மூடி வைத்திருந்தாலே அது சுத்திகரிப்புக்குத் தகுதியானது. அந்த டப்பாவை வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கைதான் இல்லை.

அந்தக் கை இல்லாதவரை, வீட்டில் ஆயில் மாற்றுவதைத் திறமை என்றோ சிக்கனம் என்றோ பாராட்ட நான் தயாராக இல்லை. கோடி ரூபாய் வண்டிக்கு மிச்சம் பிடிக்கும் சில ஆயிரத்துக்கு, கீழ்ப்பக்கத்துக் கிணற்றுக்காரர் விலை கொடுக்கிறார்.

தென்காசி, செங்கோட்டை, குற்றாலத்தில் ஆயில் விற்கும் கடைக்காரர்கள் ஆளுக்கொரு பீப்பாய் வைக்கட்டும். நகராட்சியும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் அதை உரிமம் பெற்ற சுத்திகரிப்பாளரோடு இணைத்துக் கொடுக்கட்டும். கடையில் ஆயில் வாங்கும்போதே ‘பழையதை எடுத்துக்கொள்வீர்களா?’ என்று நீங்களும் கேளுங்கள். எடுத்துக்கொள்வதாக ஒருவர் ஒப்புக்கொள்ளும்வரை டிரெய்ன் போல்ட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள்.