எண்ணிக் கேட்பவர்கள்: காவிரிப் படுகையில் குழுத் தாளத்தின் இன்றைய நிலை

தோற்கருவிகளைப் பலர் கூடி ஒரே காலத்தில் முழக்குவதும், அந்த முழக்கத்தின் ஒழுங்கைக்கொண்டு ஒரு குழு இன்னொன்றை வெல்ல முயல்வதும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. எனினும் அவ்வாறு வெல்வதற்கென்றே விதியும் வயது வரம்பும் மதிப்பெண்ணும் வகுத்துக்கொண்ட நிலையான அமைப்பு ஒன்று இங்கு வேரூன்றவில்லை. அத்தகைய அமைப்பு முழு வளர்ச்சி பெற்ற நாடு அமெரிக்கா. அங்கே படைவீரர் சங்கங்களும் தேவாலயங்களும் இளைஞர்களுக்காக நடத்திவந்த முரசு, ஊதுகொம்பு அணிகள் ‘டிரம் கோர்’ எனப்பட்டன. அவற்றுட் பல 1971இல் கூடி ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்னும் கூட்டமைப்பை நிறுவி, மறு ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் முதல் வாகைப் போட்டியை நடத்தின. கோடையில் திறந்த விளையாட்டரங்குகளில் நடக்கும் இப்போட்டியில் மொத்த மதிப்பெண் நூறு. அதில் நாற்பது, நிகழ்ச்சி முழுமையாகப் பார்ப்பவர் மனத்தில் ஏற்படுத்தும் விளைவுக்கும், மீதம் இசைக்கும் காட்சியமைப்புக்கும் உரியவை. குளிர்காலத்தில் வெளியே அணிவகுக்க இயலாமையால், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களுக்குள் தோற்கருவிகளையும் மரிம்பா போன்ற தட்டுக்கருவிகளையும் மட்டும் கொண்டு நிகழ்த்தும் உள்ளரங்கத் தாளக்குழுக்கள் தோன்றின; 1977இல் கொடியணிகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘வின்டர் கார்ட் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பு, 1993 முதல் இவற்றுக்கும் தனிப் போட்டி வைத்துவருகிறது.

அமெரிக்க முறையின் வலிமையும் நலிவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இருபத்திரண்டு வயதைத் தாண்டாத இளைஞர்கள் வாசிப்பதற்காகப் பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்தி, ஒரு கோடை முழுவதும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று பயில்கிறார்கள். அதனால் பயிற்சியின் தரம் உயர்கிறது, வசதியற்றவர்களுக்கு வாயில் குறுகுகிறது. 2020ஆம் ஆண்டுப் பருவம் பெருந்தொற்றால் முற்றிலும் கைவிடப்பட்டது; 1934இல் தோன்றிப் பலமுறை வாகை சூடிய ‘தி கேடட்ஸ்’ அணி 2024இல் மூடப்பட்டது. ஆயினும் அணிகள் மறைந்தாலும் மதிப்பிடும் முறை மறைவதில்லை. காவிரிப் படுகையை இந்த அளவுகோலால் அளக்கும்போது கிடைக்கும் படம் ஏறக்குறைய தலைகீழானது. இங்கு வாசிப்பவர் பணம் கட்டுவதில்லை, பெறுகிறார், வாசிப்புக்கும் பஞ்சமில்லை, மதிப்பிடும் முறைதான் கண்முன்னே கரைந்துவருகிறது.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே அமைந்த பாபநாசம் வட்டத்தை (பொருநைக் கரையில் உள்ள அதே பெயருடைய ஊர் வேறு) இசையுலகம் பாபநாசம் சிவனின் பெயரால், அதாவது வாய்ப்பாட்டின் வழியாகவே அறிந்திருக்கிறது. உண்மையில் இவ்வட்டாரத்தின் அன்றாட இசை தோற்கருவியைச் சார்ந்தது. சக்கராப்பள்ளியைத் தலைமையாகக்கொண்டு அரியமங்கை, சூலமங்கலம், நல்லிச்சேரி, பசுபதிகோயில், தாழமங்கை, புள்ளமங்கை ஆகிய ஊர்களைச் சுற்றிவரும் ஏழூர்ப் பல்லக்கு விழாவாயினும், சிற்றூர் மாரியம்மன் தேர்த் திருவிழாவாயினும், சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் ஏறிய பிறகே மேளத்துக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தாளக் கலைஞரின் ஆண்டுக் கணக்கும் உழவரின் ஆண்டுக் கணக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டன.

இந்நிலத்தில் தோற்கருவிக் குழுவின் பழமையைக் காட்ட இலக்கியம் வரை செல்ல வேண்டியதில்லை. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயில் ஆடல்மகளிராகிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரோடு உவச்சர் எனப்படும் மேளக்காரர்களையும் பிற கருவி வாசிப்போரையும் குறித்து, அவரவர்க்குரிய நெற்பங்கையும் வரையறுக்கின்றன. திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் ஐந்து முகங்களைக்கொண்ட குடமுழா இன்றும் காக்கப்படுகிறது. ஆனால் பிற்காலத்தில் டெல்டாவின் தாள அறிவு பெருங்குழுவாக விரியாமல், இரண்டு தவில்களுக்குள் செறிந்தது என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

பெரிய மேளம் என்பது நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து, தாளம் ஆகியவை சேர்ந்த அணி. கலைஞர் பேச்சில் ‘செட்டு’. பலாக் கட்டையைக் குடைந்து செய்த தவிலின் ஒரு முகத்தை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டும், மறுமுகத்தைக் கழியாலும் வாசிப்பர். செட்டுக்கு உரிய தவில்காரரோடு, புகழ்பெற்ற வேறொருவரை விழாவுக்கென்று தனியே அழைப்பது ‘ஸ்பெஷல் தவில்’. போட்டி இங்கேதான் பிறந்தது. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி முழங்கி, வீதி முனையில் பல்லக்கு நின்றதும், ஒருவர் திச்ரம், கண்டம், மிச்ரம் போன்ற நடைகளுள் ஒன்றில் (அதாவது ஓர் அட்சரத்தை மூன்றாகவோ ஐந்தாகவோ ஏழாகவோ பகுக்கும் முறையில்) கணக்கிட்டுக் கோத்த சொற்கட்டாகிய கோர்வையை அமைக்க, மற்றவர் அதை அப்படியே திருப்பியோ, அதிலிருந்து இன்னொன்றைப் பிறப்பித்தோ விடை தருவார். பரிமாற்றம் படிப்படியாகக் குறுகி, இறுதியில் இருவரும் முத்தாய்ப்பான ஒரே மோராவில் இணைந்து, பாடல் தொடங்கும் இடமாகிய எடுப்புக்கு வந்து சேர்வார்கள். அரை அட்சரம் பிசகினாலும் தோல்வி அனைவருக்கும் தெரிந்துவிடும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிலுக்குப் பெற்றுத்தந்த தனித் தகுதி, நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளையோடு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) இணைந்து வாசித்த காலத்தில் உச்சத்தைத் தொட்டது. வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, அரித்துவாரமங்கலம் பழனிவேல் என அடுத்தடுத்து வந்தவர்களின் ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் குறித்தால், அவை பாபநாசத்திலிருந்து பெருந்தொலைவில் இல்லை என்பது புலப்படும். உலகில் வேறெங்கும் இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இவ்வளவு கணக்கறிந்த கைகள் கூடியிருக்குமா என்பது ஐயமே.

இந்தப் போட்டிக்கு எழுதப்பட்ட விதி கிடையாது. நடுவர்கள், வீதியில் துண்டை விரித்து உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டபடி விடியும்வரை கேட்டவர்கள். அவர்களுள் கலைஞர் குடும்பத்தாரும் இருந்தனர். நிலவுடைமை தந்த ஓய்வினால் கணக்குக் கற்ற மிராசுதாரர்களும் இருந்தனர். இரண்டாம் தரப்பாரைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவது இசை வரலாற்றில் வழக்கமாகிவிட்டது. அந்த ஓய்வு யாருடைய உழைப்பின்மேல் நின்றது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமும் நிலவுடைமையின் பழைய பிடியைத் தளர்த்தின. தளர வேண்டிய பிடிதான் அது. ஆனால் அதனோடு மேளத்துக்குப் பணம் கொடுப்பவர் மாறினார். விழாக் குழுவும் திருமண வீட்டாரும் அந்த இடத்துக்கு வந்தபோது, விலை கொடுப்பவரும் மதிப்பிடுபவரும் ஒருவரே என்ற நிலை முறிந்தது. இன்று திருமண மண்டபத்தில் தவில் வாசிப்பு ஒலிபெருக்கி வழியே சிமெண்டுச் சுவரில் மோதித் திரும்புகையில், பந்தியில் இருப்பவருக்கு நடையின் நுட்பம் எட்டும் என எதிர்பார்ப்பது வீண். தோல்வாருக்குப் பதிலாக இரும்பு வளையமும் முறுக்காணியும் வந்தபின் சுருதி உயர்ந்து ஒலி கூர்மையடைந்ததும் இதே போக்கின் ஒரு கூறு.

பறையின் நிலை வேறு. மரச்சட்டத்தில் தோலைப் போர்த்தி, நெருப்பில் காய்ச்சிப் பதமேற்றி, தடித்த அடிக்குச்சியாலும் மெல்லிய சிண்டுக்குச்சியாலும் அடிக்கும் இக்கருவி, இயல்பிலேயே குழுவுக்கு உரியது. வரிசையாகவும் வட்டமாகவும் நின்று, ஆடிக்கொண்டே அடிக்கும் அதன் அமைப்பு, அணிவகுத்து முழக்கும் அமெரிக்கக் குழுவோடு தவிலைவிட நெருக்கமானது. சப்பரத்து அடி, டப்பா அடி, பாடம் அடி, ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி என்று அடிவகைகள் பெயரிடப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. ஆயினும் சாவு வீட்டில் பறையடிப்பது ஒரு சாதியாரின்மேல் சுமத்தப்பட்ட கடமையாக இருந்ததால், அதன் கணக்கை ரசித்துக் கேட்கும் அவை உருவாகவே இல்லை. தவிலுக்கு இருந்த வீதி நடுவர்கள் பறைக்கு மறுக்கப்பட்டனர் என்று சொல்வதே பொருந்தும். கடமையாக அடிக்க மறுத்துப் பறையைத் துறந்த ஊர்களும் உண்டு, அதையே உரிமை முழக்கமாக மேடைக்கு ஏற்றியவர்களும் உண்டு. கே.ஏ. குணசேகரன் போன்ற ஆய்வாளர்களின் எழுத்தும் அரங்கப் பணியும், திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் பெண்களைப் பறையோடு மேடையேற்றியதும், 2025இல் மதுரை வட்டாரத்து வேலு ஆசானுக்கு வழங்கப்பட்ட பத்மஸ்ரீ விருதும் இம்மாற்றத்தின் மைல்கற்கள். இன்று கல்லூரி மாணவர்களும் நகரத்துப் பணியாளர்களும் வார இறுதியில் பறை பயில்கிறார்கள். தோலுக்குப் பதில் செயற்கை இழை முகம் பொருத்திய பறை மழையிலும் தளர்வதில்லை. பயில்வோர் தொகை பெருகிய அளவுக்கு அடிவகைகளின் தொகை பெருகவில்லை என்பதும், மேடைக்கு ஏற்ற சில அடிகளே எங்கும் திரும்பத் திரும்பக் கேட்கின்றன என்பதும் கவலைக்குரியவை.

இவற்றுக்கிடையே வந்து சேர்ந்தவை மூன்று. முதலாவது பேண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) தஞ்சை அரண்மனையில் மேனாட்டு இராணுவ வாத்தியக் குழுவை வளர்த்தார். அத்தகைய குழுக்களின் மெட்டுகளே முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவரப் பாடல்களுக்கு வித்தாயின. அந்த மரபின் தூரத்து எச்சம் திருமண ஊர்வலத்திலும் இறுதி ஊர்வலத்திலும் திரைப்பாடல் வாசிக்கும் இன்றைய பேண்டு செட்டு. இரண்டாவது கேரளத்துச் செண்டை, குறிப்பாக ஆடிக்கொண்டே அடிக்கும் சிங்காரி மேளம். திருச்சூர்ப் பூரத்தில் திருவம்பாடி, பாறமேக்காவு என்னும் இரு தரப்பும் நூற்றுக்கணக்கான கலைஞர்களை நிறுத்தி மோதும்போது, காலங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும் முறையைக் கூட்டம் கையுயர்த்திப் பின்தொடர்கிறது. அந்தக் கேட்கும் பயிற்சி எல்லையில் நின்றுவிட, ஒலியும் உடையும் மட்டும் டெல்டாவுக்கு வந்திருக்கின்றன. மூன்றாவது கயிலை வாத்தியம் அல்லது சிவவாத்தியம் எனப்படும் அடியார் குழுக்கள். முரசு, உடல் என்னும் மேளம், பிரம்மதாளம், எக்காளம், கொம்பு, சங்கு ஆகியவற்றை ஒரே நிற உடையில் ஆண்களும் பெண்களும் ஊதியமின்றி முழக்கும் இக்குழுக்கள், விரும்பிச் சேர்தல், கூட்டுப் பயிற்சி, பயணம் ஆகிய மூன்றிலும் அமெரிக்க அணிகளை ஒத்தவை. தாள அமைப்பு மிக எளியது. பெரும்பாலும் ஒரே நடை, ஒரே வேகம். பக்தியின் நோக்கத்துக்கு அது போதும். கலையின் வளர்ச்சிக்குப் போதாது.

அரசு நிறுவனங்களின் பங்கைச் சுருக்கமாகவே கூற முடியும். திருவையாற்று அரசு இசைக் கல்லூரியும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் தவிலைப் பாடமாகக் கற்பிக்கின்றன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா, வட்டார அளவிலிருந்து மாநில அளவுவரை கருவியிசைக்கும் போட்டி வைக்கிறது. குடியரசு நாளையொட்டித் தில்லியில் முடிவடையும் தேசியப் பள்ளிப் பேண்டுப் போட்டியோ பித்தளைப் பேண்டு, பைப் பேண்டு என்னும் இரு வகைகளையே அறியும்; பறைக்கும் தவிலுக்கும் அதன் பட்டியலில் இடமில்லை.

கடல் கடந்த தமிழரிடையே குழுப்போட்டி உணர்வு இதைவிடக் கூர்மையாகத் தழைத்திருப்பது கவனிக்கத்தக்கது. மலேசியாவில் உறுமி மேளக் குழுக்கள் பெயரும் சீருடையும் கொண்டு, தைப்பூசக் காவடிகளுக்கு முழக்குவதோடு போட்டிகளிலும் மோதுகின்றன. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தடையும் வரையறையும் நிறைந்த சூழலில் குழுக்கள் தம்மை அமைப்பாக ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கும் எப்போதும் முழக்கலாம் என்றிருந்த டெல்டாவில் அந்தத் தேவை எழவில்லை.

இனி வேண்டுவது அமெரிக்க மாதிரியின் நகல் அல்ல. கட்டணம் செலுத்தி வாசிக்கும் முறை இங்கு நுழைந்தால், பறையும் தவிலும் பிழைப்பாக இருக்கும் குடும்பங்களே முதலில் வெளியேறும். ஆனால் பருவத்தைப் பகுத்துக்கொள்ளும் அமெரிக்கர்களது வழக்கம் இங்கும் பொருந்தும். பனி அவர்களை உள்ளே தள்ளியதுபோல ஐப்பசி, கார்த்திகை மழை இங்கும் வீதி முழக்கத்தைக் குறைக்கிறது. ஈரத்தில் தோல் தளர்கிறது. வயலில் நடவு முடிந்த கைகளுக்கும் சற்று ஓய்வு கிடைக்கிறது. அந்த இரண்டு மாதங்களில் பள்ளிக் கூடங்களிலோ கோயில் மண்டபங்களிலோ ஊர்க் குழுக்கள் கூடிப் பயின்று, தை பிறந்தபின் வட்டார அளவில் மோதலாம். மதிப்பெண்ணில் காட்சிக்கு ஒரு பங்கு இருப்பதில் பிழையில்லை. காலப்பிரமாணம் தளராமை, நடை மாற்றத்தின் தெளிவு, அடிவகைகளின் வளம், எடுப்புக்கு வந்து சேரும் துல்லியம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நடுவர் இருக்க வேண்டும். வாசிப்பிலிருந்து ஓய்வுபெற்ற தவில் கலைஞர்கள் டெல்டாவின் ஊர்களில் இருக்கிறார்கள். பறை ஆசான்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒரே மேசையில் சமமாக அமர்ந்து ஒரே தாளில் மதிப்பெண் இடுவது, இவ்வட்டாரத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, எந்தக் கோர்வையையும்விடக் கடினமான காரியம்.