மெடியாவின் மாற்றம்

தீயவள் ஒருத்தியைத் தீயவளாகவே மேடையிற் கொண்டுவந்து நிறுத்துவது எளிது. நம் இரக்கத்தைப் பெற்ற ஒருத்தி நம் கண்முன்னரே தீயவளாகத் திரிவதை நம்பும்படி காட்டுவதே அரிது. மந்திரமும் மாயமும் நிறைந்த கிரேக்கக் கதைகளுள் மெடியாவின் கதையில் இவ்வருமை கைகூடியுள்ளது.

அவள் கொல்கிஸ் நாட்டு மன்னன் மகள், சூரியதேவனின் பேர்த்தி, மருந்தும் மந்திரமும் வல்லவள். பொன்மயிர் ஆட்டுத் தோலைத் தேடிவந்த ஜேசன்மேற் காதல் கொண்டாள். கி. மு. 3ஆம் நூற்றாண்டிற் காப்பியஞ் செய்த அப்பொலோனியஸ் அவளது ஓர் இரவை நமக்குக் காட்டுகிறார். தந்தைக்குத் துரோகஞ் செய்வதா, காதலனைச் சாகவிடுவதா என்று தெளியாது, நஞ்சருந்தி இறக்கத் துணிந்து மருந்துப் பேழையை மடியில் வைத்து அழுகிறாள். வாழ்வின் இனிமை நினைவுக்கு வர, அதனை அப்பால் வைத்துவிடுகிறாள். இப்பேதையை வெறுப்பவர் யார்? அதே நூலிற் பின்னர், தன்னைத் தொடர்ந்து வந்த சகோதரனைப் பொய்யுரைத்து வரவழைத்து ஜேசனின் வாளுக்கு இரையாக்குகிறாள். வெட்டு விழும்போது முகத்திரையாற் கண்களை மறைத்துக்கொள்கிறாள். அக்காப்பியத்தில் என் உள்ளத்தை மிக வருத்திய இடம் இதுவே. செய்யத் துணிந்தவள் காணத் துணியவில்லை. வீரன் தப்பினான் என்னும் மகிழ்ச்சியில் நாமும் அவளோடு கண்களை மூடிக்கொள்கிறோம் அல்லவா?

இக்கதையின் முடிவை யூரிப்பிடீஸ் கி. மு. 431இலேயே நாடகமாக்கியிருந்தார். (போட்டியில் அதற்குக் கிடைத்தது மூன்றாம் பரிசே!) அம்முடிவை அறிந்தே அப்பொலோனியஸ் தொடக்கத்தைப் பாடினார் எனலாம். கொரிந்து நகரில் ஜேசன் மெடியாவைக் கைவிட்டு அரசன் மகளை மணக்கிறான். அந்நிய நாட்டிலே துணையற்று நிற்கும் அவள் பெண்பிறப்பின் துயரை எடுத்துரைக்க, கொரிந்துப் பெண்டிர் உருகுகின்றனர். பழிவாங்கும் வழி இன்னதென அறியுமுன்னரே அதனை வெளியிடோம் என்று வாக்களித்தும் விடுகின்றனர். பின், பெற்ற மக்களையே கொல்வேன் என்று அவள் கூறுங்கால் வேண்டாமென மன்றாடுகின்றனர். ஆயினும் வாக்கை மீறி எவர்க்கும் உரைத்தாரல்லர். வகுப்பில் இக்கதையைக் கூறும்போதெல்லாம் மாணவர் மெடியாவின் பக்கமே நிற்கக் கண்டிருக்கிறேன். எவ்விடத்தில் விலகினீர்கள் என்று வினாவினால், ஒருவர் கூறும் இடத்தை மற்றவர் கூறுவதில்லை.

எந்தப் படியிலும் அவள் வேறொருத்தியாகிவிடவில்லை. ஜேசனுக்காகத் தந்தையையும் சகோதரனையும் கொடுத்த அதே அளவிறந்த உள்ளம் இப்பொழுது ஜேசனுக்கு எதிரே திரும்புகிறது. மக்களின் முகம் நோக்கி ஒருகணம் இளகுகிறாள். பகைவர் நகைப்பரே என்று எண்ணி மறுகணம் இறுகுகிறாள். உரோம நாட்டுச் செனக்காவோ தம் நாடகத் தொடக்கத்திலேயே பழிவாங்குந் தெய்வங்களை அவள் வாயால் அழைக்கச் செய்தார். ஆங்கே சீற்றம் மிகுதி; மாற்றம் குறைவு.

சூரியதேவனின் தேரேறி அவள் தப்புவதை அரிஸ்டோட்டில் குறையாகக் கண்டார். கதைக்கோப்பை மட்டும் நோக்கின் அது சரியே. எனக்கோ அத்தேர் இன்றி இந்நாடகம் முடியாது எனத் தோன்றுகிறது. தெய்வங்கள் தோன்றும் உயரத்தில் அவள் நிற்கிறாள். கீழே ஜேசன், இறந்த மக்களின் மேனியை ஒருமுறை தொட விடுமாறு இரக்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள்.